மலேரியாப் பழியைச் சுமந்த எழுத்தாளர்: ரேச்சல் கார்சன்

1995 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறி, பின்னர் கிளாலியால் கடலேரி கடந்து வன்னிக்குப் போனவர்களுக்கு மலேரியாவைப் பற்றி யாரும் விளக்கத் தேவையில்லை. தரப்பாள் கொட்டிலுக்குள் ஒருவருக்குக் குளிர் பிடித்தால், அடுத்தடுத்த நாட்களில் மற்றவர்களும் படுத்துவிடுவார்கள். இருந்த சாக்கு, சேலை எல்லாவற்றையும் போர்த்தினாலும் நடுக்கம் நிற்காது. குளோரோகுயின் குளிசைக்காக வரிசையில் நின்ற தாய்மார் பலர் அந்தக் குளிசையின் கசப்பை இன்னும் மறந்திருக்கமாட்டார்கள்.

இலங்கையின் இந்த நோயைச் சாட்சியாக நிறுத்தி, ஓர் அமெரிக்கப் பெண் எழுத்தாளர் மீது நீண்ட காலமாக ஒரு குற்றச்சாட்டுச் சுமத்தப்பட்டு வருகிறது. டி.டி.ரி. என்ற பூச்சிநாசினி இலங்கையில் மலேரியாவை ஏறக்குறைய ஒழித்துவிட்டது, இவர் எழுதிய ஒரு புத்தகத்தால் அந்த மருந்து கைவிடப்பட்டது, அதனால் நோய் திரும்பி வந்து மக்களைக் கொன்றது என்பதே அந்தக் குற்றச்சாட்டு. அந்த எழுத்தாளர் ரேச்சல் கார்சன். புத்தகம் 1962இல் வெளிவந்த மௌன வசந்தம். எங்கள் நாட்டின் பெயரால் சொல்லப்படும் குற்றச்சாட்டு என்பதால், அது உண்மையா என்று நாங்களும் தெரிந்திருப்பது நல்லது. அதற்கு முதலில் அவர் யார் என்று பார்க்க வேண்டும்.

ரேச்சல் கார்சன் 1907 மே 27ஆம் திகதி ஐக்கிய அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், ஸ்பிரிங்டேல் என்ற சிற்றூரில் பிறந்தார். மூன்று பிள்ளைகளில் கடைக்குட்டி. வசதியான குடும்பம் அல்ல. தாய் மரியா படித்தவர், மகளைக் கூட்டிக்கொண்டு காட்டிலும் ஆற்றங்கரையிலும் நடந்து பறவைகளையும் பூச்சிகளையும் காட்டிக் கொடுத்தவர். முதலாம் உலகப் போர்க் காலத்தில் அண்ணன் படையில் சேர்ந்தார். அவர் வீட்டுக்கு எழுதிய கடிதத்தில் இருந்த ஒரு விமானியின் கதையை வைத்துச் சிறுமி ரேச்சல் ஒரு கதை எழுதினாள். 1918இல் ஒரு சிறுவர் சஞ்சிகை அதைப் பிரசுரித்தது. அவருடைய முதல் பிரசுரமே ஒரு போர்க்கதை.

எழுத்தாளராக வேண்டும் என்றுதான் கல்லூரிக்குப் போனார். அங்கே ஓர் ஆசிரியை கற்பித்த உயிரியல் அவரைப் பிடித்துக்கொண்டது. ஆங்கில இலக்கியத்தை விட்டு உயிரியலுக்கு மாறினார். 1929இல் பட்டம் பெற்ற பின், வூட்ஸ் ஹோல் என்ற இடத்திலுள்ள கடல் ஆய்வுகூடத்துக்குப் போனபோதுதான் முதன்முதலாகக் கடலைக் கண்டார். பின்னாளில் கடலைப் பற்றி உலகமே வாசித்த புத்தகங்களை எழுதியவர், இருபத்திரண்டு வயதுவரை கடலைப் பார்த்ததில்லை.

1932இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் விலங்கியலில் முதுமாணிப் பட்டம் பெற்றார். கலாநிதிப் பட்டத்துக்கும் படிக்க விரும்பினார், ஆனால் அது பொருளாதாரப் பெருமந்த காலம். வீட்டில் காசில்லை. 1935இல் தகப்பனும் இறந்துபோக, குடும்பப் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. அரசாங்க மீன்பிடித் திணைக்களத்தில் வானொலி நிகழ்ச்சிக்குக் கடல்வாழ் உயிர்கள் பற்றிப் பிரதி எழுதும் வேலை கிடைத்தது. 1937இல் அக்கா இறந்தார். அக்காவின் இரண்டு பெண் பிள்ளைகளையும் தாயும் இவரும் வளர்த்தார்கள். பகலில் திணைக்கள வேலை, இரவில் எழுத்து என்று வருடங்கள் போயின.

முதல் புத்தகமான கடற்காற்றின் கீழ் 1941 நவம்பரில் வெளிவந்தது. அடுத்த மாதமே பேர்ள் ஹாபர் தாக்கப்பட்டது, அமெரிக்கா போருக்குள் இறங்கியது. கரையோரப் பறவையையும் கானாங்கெளுத்தி மீனையும் பற்றி வாசிக்க அப்போது யாருக்கும் மனமில்லை. இரண்டாயிரம் பிரதிகள்கூட விற்கவில்லை. பத்து வருடம் கழித்து, 1951இல் வந்த எம்மைச் சூழ்ந்த கடல்தான் அவரை வீடுவீடாகக் கொண்டுபோனது. கடல் எப்படித் தோன்றியது, அலை எப்படிப் பிறக்கிறது, ஆழத்தில் என்ன இருக்கிறது என்பதை விஞ்ஞானம் படிக்காதவர்களும் விளங்கிக்கொள்ளும்படி எழுதியிருந்தார். நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகையின் அதிகம் விற்கும் புத்தகப் பட்டியலில் அது 86 வாரங்கள் இருந்தது. தேசியப் புத்தக விருதும் கிடைத்தது. அதன்பின் வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக எழுதத் தொடங்கினார். 1955இல் கடலின் விளிம்பு வந்தது.

இந்த இடத்தில் டி.டி.ரி.யின் கதையையும் சொல்ல வேண்டும். அது பூச்சிகளைக் கொல்லும் என்பதை 1939இல் சுவிற்சர்லாந்தின் போல் முல்லர் கண்டுபிடித்தார். அதற்காக 1948இல் நோபல் பரிசும் பெற்றார். போர்க்காலத்தில் அது உண்மையில் உயிர்காத்தது. இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் பேன்களால் பரவிய டைஃபஸ் காய்ச்சலை அடக்க, இலட்சக்கணக்கானோரின் உடலிலும் உடுப்பிலும் அதன் தூளைத் தூவினார்கள். போர் முடிந்ததும் அதே மருந்து, போர் முடிந்து வேலையில்லாமல் நின்ற விமானங்கள், புதிய சந்தை தேடிய கம்பனிகள் எல்லாம் சேர்ந்து வயலுக்கும் காட்டுக்கும் ஊர்மனைகளுக்கும் திரும்பின. நுளம்புக்கு, மரத்து நோய்க்கு, பயிர்ப் பூச்சிக்கு என்று எல்லாவற்றுக்கும் வானத்திலிருந்து மருந்தடித்தார்கள். கீழே இருந்தவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

1945இலேயே இதுபற்றி எழுத கார்சன் ஒரு சஞ்சிகையிடம் கேட்டிருந்தார். அவர்கள் விரும்பவில்லை. 1958 ஜனவரியில் மசாசூசெற்ஸ் மாநிலத்திலிருந்து தோழி ஒருவர் கடிதம் எழுதினார். நுளம்பை ஒழிக்க விமானத்தால் அடித்த மருந்தில், தன் காணியில் இருந்த பறவைகள் செத்து விழுந்ததை அவர் சொல்லியிருந்தார். வேறு யாரும் எழுத முன்வராததால் கார்சன் தானே எழுதத் தொடங்கினார்.

அந்த நான்கு வருடங்கள் அவருக்கு இலகுவானவையாக இருக்கவில்லை. வளர்த்த மருமகள் 1957இல் இறந்திருந்தார். அவருடைய ஐந்து வயது மகனைக் கார்சன் தத்தெடுத்து வளர்த்துக்கொண்டிருந்தார். 1958 டிசம்பரில் தாய் இறந்தார். 1960இல் மார்பில் சத்திர சிகிச்சை செய்த வைத்தியர்கள், அது புற்றுநோய் என்பதை அவரிடம் நேராகச் சொல்லவில்லை. அந்த வருடக் கடைசியில் உண்மை தெரிந்தபோது நோய் பரவிவிட்டது. கதிர்ச் சிகிச்சைக்கும் படுக்கைக்கும் இடையில்தான் புத்தகத்தின் பெரும்பகுதி எழுதப்பட்டது. தனக்குப் புற்றுநோய் என்பதை வெளியில் சொல்லாமல் மறைத்தார். இரசாயனங்களால் வரும் கேடுகளைப் பற்றி எழுதுபவர் தன் நோயின் கோபத்தில் எழுதுகிறார் என்று கம்பனிகள் சொல்லிவிடும் என்பது அவருக்குத் தெரியும்.

மௌன வசந்தம் என்ன சொன்னது? கலிபோர்னியாவில் கிளியர் லேக் என்ற ஏரி உண்டு. அங்கே நுளம்பு போன்ற, ஆனால் கடிக்காத ஒரு சிறு பூச்சி பெருகியது. அதை ஒழிக்க டி.டி.ரி.க்கு நெருங்கிய இன்னொரு இரசாயனத்தை ஏரியில் கலந்தார்கள். ஐந்து கோடிப் பங்கு தண்ணீருக்கு ஒரு பங்குதான் மருந்து. யாருக்கும் தீங்கில்லை என்று நம்பினார்கள். ஆனால் தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிர்களில் அது சேர்ந்தது. அவற்றைத் தின்ற மீனில் இன்னும் கூடியது. மீனைத் தின்ற முக்குளிப்பான் பறவையின் கொழுப்பில், தண்ணீரில் இருந்ததைவிட எண்பதாயிரம் மடங்கு இருந்தது. ஆயிரம் சோடிக்கு மேல் கூடு கட்டிய இடத்தில், 1960 அளவில் ஏறக்குறைய முப்பது சோடிதான் மிஞ்சியது.

இன்னோர் ஊரில் எல்ம் மரங்களுக்கு மருந்தடித்தார்கள். இலை உதிர்ந்தது, மண்புழு இலையைத் தின்றது, ரொபின் பறவை மண்புழுவைத் தின்றது. அடுத்த வசந்தத்தில் பறவைகள் செத்துக் கிடந்தன. நிலத்தில் போடுவது நிலத்தடி நீருக்கும் போகும் என்பதையும் அவர் விளக்கினார். உரமும் மருந்தும் அடித்த தோட்டத்துக்கு நடுவில் கிணறு வைத்திருக்கும் யாழ்ப்பாணத்தவர்களுக்கு இது புதிய பாடமல்ல. எங்கள் சுண்ணாம்புக்கல் நிலத்தில் மேலே ஊற்றுவது கீழே இறங்க அதிக காலம் எடுக்காது.

புத்தகம் வெளிவருமுன்னரே ஓர் இரசாயனக் கம்பனி பதிப்பகத்துக்கு வழக்கு மிரட்டல் விடுத்தது. இன்னொரு கம்பனி, பூச்சிநாசினி இல்லாத உலகம் பட்டினியால் அழிவதாகக் கேலிக்கதை எழுதி வெளியிட்டது. கலாநிதிப் பட்டம் இல்லாதவர், திருமணமாகாத பெண், உணர்ச்சிவசப்படுபவர், கம்யூனிஸ்ட் என்றெல்லாம் தாக்கினார்கள். கார்சனிடம் இருந்த பதில், புத்தகத்தின் கடைசியில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பக்கங்களில் அவர் கொடுத்திருந்த ஆதாரங்கள். ஜனாதிபதி கென்னடியின் விஞ்ஞான ஆலோசனைக் குழு விடயத்தை ஆராய்ந்து, 1963 மே மாதம் வெளியிட்ட அறிக்கையில் பெருமளவுக்கு அவர் பக்கமே நின்றது. அடுத்த மாதம் செனட் சபைக் குழுவின் முன் சாட்சியம் சொன்னார். நடப்பதே அப்போது அவருக்குக் கஷ்டமாக இருந்தது. 1964 ஏப்ரல் 14ஆம் திகதி, 56ஆவது வயதில் இறந்தார். அமெரிக்கா சுற்றாடல் பாதுகாப்பு முகவரகத்தை அமைத்தது 1970இல். டி.டி.ரி.யைத் தடை செய்தது 1972இல். இரண்டையும் பார்க்க அவர் இருக்கவில்லை.

இனி இலங்கைக்கு வருவோம். 1934-35இல் மழை பொய்த்து ஆறுகள் குட்டைகளாகத் தேங்கியபோது பரவிய மலேரியா ஏறக்குறைய 80,000 பேரைப் பலியெடுத்தது. 1946இல் நோய் கண்டவர்கள் சுமார் 28 இலட்சம். அந்தக் காலத்தில்தான் வீட்டுச் சுவர்களுக்கு டி.டி.ரி. அடிக்கத் தொடங்கினார்கள். 1963இல் நோயாளர் எண்ணிக்கை வெறும் 17 ஆனது. இதில் டி.டி.ரி.க்குப் பெரும் பங்கு உண்டு, அதை மறுக்க முடியாது.

ஆனால் மருந்தடிப்பது படிப்படியாக நிறுத்தப்பட்டது வெற்றி கிடைத்துவிட்டது என்ற நம்பிக்கையில்தான். நோய் போய்விட்டது, இனிச் செலவு எதற்கு என்று நினைத்தார்கள். அது கார்சனின் புத்தகத்தை வாசித்து எடுத்த முடிவு அல்ல. கண்காணிப்புத் தளர்ந்தது. 1968-69இல் நோய் மீண்டும் வெடித்து, ஐந்து இலட்சத்துக்கும் அதிகமானோரைப் பிடித்தது. உடனே டி.டி.ரி.யைத் திரும்பவும் அடித்தார்கள். அதைத் தடுக்க ஒருவரும் இருக்கவில்லை. இம்முறை அது முன்னைப்போல வேலை செய்யவில்லை, நுளம்பு அந்த மருந்துக்குப் பழகிவிட்டிருந்தது. 1977இல் மலத்தியன் என்ற வேறு மருந்துக்கு மாற வேண்டி வந்தது.

பூச்சிகள் மருந்துக்குப் பழகிவிடும் என்பதை மௌன வசந்தத்தில் கார்சன் ஏற்கெனவே எச்சரித்திருந்தார். கண்டபடி எல்லா இடமும் அடித்தால், நோய்க்கு உண்மையில் தேவைப்படும் நாளில் மருந்து கைகொடுக்காது என்பது அவருடைய வாதத்தின் ஒரு பகுதி. பூச்சிநாசினியே கூடாது என்று அவர் கேட்கவில்லை. 2001இல் கையெழுத்தான ஸ்டொக்ஹோம் உடன்படிக்கையும், நோய் பரப்பும் பூச்சிகளைக் கட்டுப்படுத்த டி.டி.ரி.யைப் பயன்படுத்த இடம் வைத்திருக்கிறது.

ஆகவே இலங்கையைச் சாட்சிக்கு இழுப்பவர்கள் எங்கள் நாட்டின் எண்களில் பாதியைத்தான் சொல்கிறார்கள். 28 இலட்சம் 17 ஆனதையும், அது திரும்ப ஐந்து இலட்சமானதையும் சொல்கிறார்கள். மருந்தடிப்பு ஏன் நின்றது, திரும்ப அடித்தபோது என்ன நடந்தது என்பதை விட்டுவிடுகிறார்கள். தங்கள் இழப்பின் எண்களை மற்றவர்கள் தங்களுக்கு வசதியானபடி எடுத்துப் பேசுவதை எங்கள் மக்கள் நிறையவே பார்த்திருக்கிறார்கள்.

மலேரியா கடைசியில் எப்படிப் போனது என்பதும் தெரிந்ததுதான். காய்ச்சல்காரரைத் தேடிப் போய் இரத்தம் எடுத்துச் சோதித்தார்கள், உடனே மருந்து கொடுத்தார்கள், மருந்து தோய்த்த நுளம்பு வலை பகிர்ந்தார்கள், தேவையான வீடுகளுக்கு மட்டும் மருந்தடித்தார்கள். யுத்தம் நடந்தபோதும் வடக்கிலும் கிழக்கிலும் சுகாதார ஊழியர்கள் இந்த வேலையைக் கைவிடவில்லை. உள்நாட்டில் தொற்றிய கடைசி மலேரியா நோயாளர் 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடாக அறிவித்தது.

வன்னியில் பிறந்து இன்று பாடசாலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு அந்தக் குளிரும் நடுக்கமும் தெரியாது. கார்சனின் கடல் புத்தகங்களை விரித்து, அலை எங்கிருந்து வருகிறது என்று வாசிக்கும் வயது அவர்களுடையது. வாசிக்கட்டும். வளர்ந்தபின் மௌன வசந்தத்தையும் வாசிக்கட்டும், கடைசியில் உள்ள ஆதாரப் பக்கங்கள் உட்பட.