சிகாகோ நிலவறையில் ஒரு குறுந்தொகை

குறுந்தொகையை நான் முதன்முதலில் படித்தது கல்லூரிப் பாடநூலில். திணை, துறை, கூற்று, உள்ளுறை என்று வரிசை பிசகாமல் எழுதினால் பத்து மதிப்பெண். எழுதினேன், பெற்றேன், மறந்தேன். பல ஆண்டுகளுக்குப் பின் திருவல்லிக்கேணி நடைபாதைக் கடையொன்றில் அட்டை கிழிந்த ஆங்கில நூல் ஒன்று கைக்கு வந்தது. உள்ளே அதே பாடல்கள். பேருந்து நிறுத்தத்தில் நின்றபடி இரண்டு பக்கம் புரட்டியவன், நான் ஏற வேண்டிய பேருந்து வந்து போனதைக் கவனிக்கவில்லை. என் தாய்மொழியின் மிகப் பழைய காதல் பாடல்களை நான் உள்ளபடியே உணர்ந்தது வேற்று மொழியில். அந்த வெட்கம் இன்றுவரை முழுதாக விலகவில்லை. மொழிபெயர்த்தவர் பெயர் ஏ.கே.ராமானுஜன்.

ராமானுஜன் என்றால் நமக்குக் கணித மேதைதான் நினைவுக்கு வருவார். இவர் வேறு. ஆனாலும் இவர் வீட்டிலும் கணிதம் இருந்தது. 1929-இல் மைசூரில், தமிழ் பேசும் வைணவக் குடும்பத்தில் பிறந்த இவருடைய தந்தை கிருஷ்ணசாமி, மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர். வானியல் அறிந்த அவர் சோதிடமும் பார்ப்பார். வெளிநாட்டுக் கணித அறிஞர்களும் உள்ளூர்ச் சோதிடர்களும் ஒரே வீட்டுக்கு வந்து போனார்கள். பகுத்தறிவு பேசிய இளம் மகனுக்கு இது பொறுக்கவில்லை. இரண்டும் எப்படி ஒத்துப்போகும் என்று கேட்டதற்கு, மூளைக்கு இரண்டு பாதிகள் உண்டு என்பது உனக்குத் தெரியாதா என்ற பொருளில் தந்தை பதில் சொன்னாராம். பின்னாளில் இந்தியச் சிந்தனை முறை பற்றி ராமானுஜன் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இந்தத் தந்தையிடமிருந்துதான் தொடங்குகிறது.

அந்த வீட்டில் மொழிகளுக்கும் இடம் பிரித்திருந்தார்கள். மாடியில் தந்தையோடு ஆங்கிலம், கீழே சமையலறையில் தாயோடு தமிழ், வாசலைத் தாண்டினால் தெருவில் கன்னடம். சோறு பிசைந்து ஊட்டும் வீட்டுப் பெண்கள் சொன்ன கதைகளெல்லாம் அவருக்குச் சமையலறையில் கேட்டவைதான். ஆனால் தமிழை அவர் பள்ளியில் படித்ததில்லை. அவருடைய தமிழ், அடுப்படித் தமிழ். ஆங்கில இலக்கியம் பயின்று, கொல்லம், பெல்காம், பரோடா என்று ஊர் ஊராக ஆசிரியப் பணி செய்து, புணேயில் மொழியியல் கற்று, 1959-இல் முப்பதாவது வயதில் அமெரிக்கா சென்றார். இந்தியானா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம். பிறகு வாழ்நாள் முழுவதும் சிகாகோ பல்கலைக்கழகம்.

1962-இல் ஒரு சனிக்கிழமை. பழந்தமிழ் இலக்கணத்துக்கு ஓர் எளிய நூல் தேடி, சிகாகோவின் ஹார்ப்பர் நூலக நிலவறைக்குள் இறங்கினார். கையில் அகப்பட்டது உ.வே.சாமிநாதையர் 1937-இல் பதிப்பித்த குறுந்தொகை. அலமாரிகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து புரட்டத் தொடங்கினார். பாடல்கள் பிடிபடவில்லை, உரை பிடிபட்டது. உரையின் வழியே பாடல்கள் திறந்துகொண்டன.

இந்தக் காட்சியை நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். குறுந்தொகைப் பதிப்பு வெளிவந்தபோது உ.வே.சா.வுக்கு வயது 82. அதற்குள் அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஏடு தேடி ஊர் ஊராக அலைந்துவிட்டார். பதவுரை, கருத்து, விளக்கம், ஒப்புமைப் பகுதி என்று அந்த முதியவர் எழுதிவைத்தது யாருக்காக? தமிழ் மாணவனுக்காக என்றுதான் நினைத்திருப்பார். அந்த மாணவர்களில் ஒருவனான நான் அதை மதிப்பெண்ணாக மாற்றிக்கொண்டேன். கடல் கடந்துபோன ஒரு மைசூர்க்காரர், பனிநாட்டு நிலவறையொன்றில் அதைத் தமக்கு வந்த கடிதம்போலப் படித்தார்.

புலம்பெயர்ந்ததால்தான் அவர் இதைக் கண்டடைந்தார் என்று சிலர் சொல்வதுண்டு. பாதி உண்மை. ஊரிலேயே இருந்திருந்தால் அவர் அந்த இலக்கண நூலைத் தேடியிருக்கவே மாட்டார். ஆனால் ஊரைவிட்டுப் போகாமல் ஏடுகளைக் கட்டிக் காத்த ஒருவர் இல்லாவிட்டால், நிலவறையில் எடுத்துப் படிக்க எதுவுமே இருந்திருக்காது.

1967-இல் குறுந்தொகை மொழிபெயர்ப்பு நூல் வெளிவந்தது. அகம் என்ற சொல்லுக்குள் வீடு, மனம், உள்ளிடம் எல்லாம் இருப்பதை அவர் கண்டுகொண்டிருந்தார். அகத்தின் நிலப்பரப்பு என்று பொருள்படும்படி நூலுக்குப் பெயரிட்டார். 1985-இல் அகமும் புறமும் அடங்கிய பெரிய தொகுப்பு வந்தது. தொல்காப்பியர் சொன்ன திணைக் கொள்கையை அதன் பின்னுரை விளக்கும் அழகுக்காகவே அந்நூலை நம் தமிழ்த்துறைகளில் பாடமாக வைக்கலாம்.

அவர் செய்த வேலையின் அருமை தெரிய ஒரு பாடல் போதும். ஐங்குறுநூற்றில் கபிலர் பாடியது. கணவன் ஊரிலிருந்து வந்த தலைவி, அங்கே இலை மூடிக் கிடக்கும் பள்ளத்தில் விலங்குகள் குடித்து மிஞ்சிய கலங்கல் நீர், நம் தோட்டத்துத் தேன் கலந்த பாலைவிட இனிது என்கிறாள். தமிழில் அடைகளெல்லாம் பெயருக்கு முன்னே வரும். அவன் நாடு, இலை, பள்ளம், விலங்கு என்று ஒவ்வொன்றாகக் கடந்து, கடைசிச் சொல்லாகத்தான் நீரை அடைகிறோம். ஆங்கில வாக்கியம் நேர்மாறாக ஓடுவது. அவர் நீரை முன்னே வைத்து, பள்ளத்தையும் இலையையும் விலங்குகளையும் பின்னே அடுக்கினார். வரிகளை உடைத்து, உள்தள்ளி, எது எதற்குள் இருக்கிறது என்பது கண்ணுக்கே தெரியும்படி அச்சிட்டார். ஒரு சொல்லுக்கு ஒரு சொல் தேடுவதோடு அவர் நிற்கவில்லை.

மொழிபெயர்ப்பு பற்றி அவர் சொன்ன கதை ஒன்றுண்டு. மலையைக் குடைந்து சுரங்கப்பாதை அமைக்க நினைத்தார் ஒரு சீனப் பேரரசர். இரு பக்கமிருந்தும் ஒரே நேரத்தில் தோண்டினால் நடுவில் சந்திக்கலாம் என்றார்கள் பொறியாளர்கள். சந்திக்காவிட்டால்? ஒன்றுக்கு இரண்டாகச் சுரங்கம் கிடைக்கும். மூலத்தைத் தொடாத மொழிபெயர்ப்பும் அப்படித்தான். தனிக் கவிதையாகவாவது நிற்கட்டும் என்பது அவர் எண்ணம். எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. கன்னட வீரசைவ வசனங்களை 1973-இல் அவர் ஆங்கிலத்தில் தந்த நூல் உலகப் புகழ் பெற்றது. ஆனால் அல்லமப் பிரபுவின் வசனத்தை மேலைநாட்டு நவீனக் கவிதைபோல ஆக்கிவிட்டார் என்று தேஜஸ்வினி நிரஞ்சனா எழுப்பிய கண்டனத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. சில இடங்களில் சுரங்கங்கள் இரண்டாகத்தான் இருக்கின்றன.

நம்மாழ்வாரில் அப்படியில்லை. 1981-இல் வந்த அந்த நூலுக்கு, மூழ்குபவர்களுக்கான துதிகள் என்று பொருள்படும் தலைப்பை வைத்தார். ஆழ்வார் என்ற சொல்லின் வேரில் ஆழ்தல் இருப்பது நமக்குத் தெரியாததன்று. தினமும் புழங்கும் சொல்லாதலால் அதன் ஆழம் நம் காதில் விழுவதில்லை.

சொந்தக் கவிதைகளை ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் எழுதினார். 1966-இல் முதல் ஆங்கிலத் தொகுதி. 1969-இல் தொப்புளில் பூ இல்லை என்று பொருள்படும் 'ஹொக்குளல்லி ஹூவில்ல' என்ற கன்னடத் தொகுதி. யூ.ஆர்.அனந்தமூர்த்தியின் 'சம்ஸ்காரா' நாவலை ஆங்கிலத்துக்குக் கொண்டுசென்றவரும் இவரே. தாயோடு பேசிய தமிழைக் கவிதை மொழியாக அவர் கொள்ளவில்லை. இதைக் குறையாகச் சொல்லும் தமிழன்பர்களை நான் சந்தித்திருக்கிறேன்; ஒரு காலத்தில் நானும் சொல்லியிருக்கிறேன். மதுரை வைகையைப் பற்றி அவர் எழுதிய ஆங்கிலக் கவிதையைப் படித்த பிறகு நிறுத்திக்கொண்டேன். வெள்ளம் வந்தால் மட்டும் ஆற்றைப் பாடும் கவிஞர்கள், பழையவரும் புதியவருமாக, அதில் வருகிறார்கள். அந்த வெள்ளத்தில் கருவோடு அடித்துச் செல்லப்பட்ட பெண்ணை அவர்களில் எவரும் பாடவில்லை. வைகைக் கரையில் நின்று நாம் சொல்லாததை அவர் சொல்லியிருந்தார்.

1976-இல் பத்மஸ்ரீ, 1983-இல் மெக்ஆர்தர் நல்கை என்று சிறப்புகள் வந்தன. எழுத்தாளர் மோலி டேனியல்ஸுடனான மணவாழ்க்கை முறிந்து, மறுமணமாகக் கூடி, மீண்டும் முறிந்தது. 1993 ஜூலை 13 அன்று, சிகாகோவில் அறுவை சிகிச்சைக்காகக் கொடுத்த மயக்க மருந்து ஒத்துக்கொள்ளாமல், 64-ஆம் வயதில் இறந்தார். 1999-இல் சாகித்ய அகாதெமி விருது அவருடைய ஆங்கிலக் கவிதைகளுக்குக் கிடைத்தது.

இறந்த பிறகும் வழக்கு முடியவில்லை. வால்மீகியையும் கம்பரையும் அகலிகைப் படலத்தில் அருகருகே வைத்து, சமணர், தாய்லாந்தினர், கன்னட நாட்டுப்புறப் பாடகர் என ஒவ்வொருவரும் ராமகதையைத் தம் வழியில் சொன்னதை விளக்கிய அவரது கட்டுரையை, 2011-இல் தில்லி பல்கலைக்கழகம் பாடத்திட்டத்திலிருந்து நீக்கியது. சமையலறையில் கதை கேட்டு வளர்ந்தவருக்கு, ஒரே கதை வீட்டுக்கு வீடு மாறுவது இயல்பான செய்தி. அதையே குற்றமாகக் கண்டார்கள்.

செம்புலப்பெயனீரார் பாடலுக்கு அவர் தந்த ஆங்கில வடிவம் லண்டன் சுரங்க ரயில் பெட்டிகளில் ஒட்டப்பட்டது. அந்த மொழிபெயர்ப்பிலிருந்து சொற்களை எடுத்து விக்ரம் சந்திரா தம் நாவலுக்குத் தலைப்பாக்கினார். என் பேத்தி வெளிநாட்டில் வளர்கிறாள். தமிழ் பேசுவாள், படிக்க வராது. சென்ற ஆண்டு தொலைபேசியில் இந்தப் பாடலைப் பற்றிக் கேட்டாள். வகுப்பில் ஆங்கிலத்தில் படித்தாளாம். தமிழில் அது எப்படி இருக்கும் என்றாள். அலமாரியிலிருந்து உ.வே.சா. பதிப்பை எடுத்து வாசித்துக் காட்டினேன். பாட்டு புரியவில்லை என்றாள். உரையைப் படித்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, பாட்டை மறுபடி படியுங்கள் தாத்தா என்றாள்.