முதுகில் எழுதிய எழுத்து

தமிழ் வளர்த்த 17ஆம் நூற்றாண்டுப் புலவருள் குறிப்பிடத்தக்கவர் அந்தகக்கவி வீரராகவ முதலியார். தொண்டை நாட்டுப் பொன்விளைந்த களத்தூரோடு சேர்த்து அறியப்படுபவர், பிறவியிலேயே பார்வையற்றவர். ஏட்டைப் பார்த்தே எழுத்தறிந்த அக்காலத்தில் அவருக்குக் கல்வி எட்டாக் கனியாகியிருக்கும். ஆயின் கற்பித்தோர் அவரைக் கைவிடவில்லை. முதுகில் விரலால் எழுத்துகளை வரைந்து வரிவடிவத்தை உணர்த்தினர் என்பது வழிவழியாக வழங்கும் செய்தி. பிறர் படிக்கக் கேட்ட நூல்களை அவர் நெஞ்சில் பதித்துக்கொண்டார்.

திருக்கழுக்குன்றப் புராணம், சந்திரவாணன் கோவை, திருவாரூர் உலா, சேயூர்க் கலம்பகம் முதலியன அவர் இயற்றியவை. ஈழம் சென்று பரராசசேகர மன்னனிடம் யானையும் பொன்னும் பரிசாகப் பெற்றார் என்பர்.

இப்பெருமையில் பாதி அவர்தம் நினைவாற்றலுக்கு உரியது. மறுபாதி, மாணவருக்கேற்பக் கற்பிக்கும் முறையை மாற்றிக்கொண்ட ஆசிரியருக்கு உரியது. அத்தகைய ஆசிரியர் வாய்க்காமையால் பெயரின்றி மறைந்தோர் எத்தனை பேரோ!

இன்று பள்ளியில் தடவிப் படிக்கும் பிரெயில் எழுத்து உண்டு. தேர்வில் சொல்வதை எழுதுவோர் உதவியும் கூடுதல் நேரமும் உண்டு. 6 முதல் 18 வயது வரை மாற்றுத்திறனுடைய பிள்ளைகளுக்கு இலவசக் கல்வியை 2016ஆம் ஆண்டுச் சட்டம் உரிமையாக்கியுள்ளது. எனினும் அரியலூர் மாவட்டத்து ரெட்டிபாளையம் போன்ற ஊர்களின் வகுப்பறைகளில் அச்சட்டத்திற்கு உயிரூட்ட வேண்டியவர் ஆசிரியரே. கற்க இயலாதவன் என மாணவனை ஒதுக்குமுன், கற்பிக்கும் வழிகளையெல்லாம் தேடிப் பார்த்தோமா என வினவுதல் நம் கடன். வீரராகவரின் வாழ்வு உணர்த்தும் பாடம் இதுவே.