சிலம்புச் செல்வர் ம.பொ.சி.

கே.ஜி.கண்டிகையில் வீட்டில் தெலுங்கும் பள்ளியில் தமிழும் பேசும் தோழியர் நம்மிடையே உண்டு. ஆந்திர எல்லை அத்தனை அருகில். நம் திருத்தணி தமிழகத்தோடு இணைந்தது 1960 ஏப்ரல் 1 அன்றுதான். அதற்காகப் பாடுபட்டவர்களில் முதன்மையானவர் ம.பொ.சிவஞானம் அவர்கள்.

1906 ஜூன் 26-ஆம் நாள் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். பாடப்புத்தகம் வாங்க வழியின்றி மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. (மூன்றாம் வகுப்பு! புத்தகத்தைத் தொலைத்துவிட்டு அம்மாவிடம் புதியது கேட்கும் நாம் இதைச் சற்று நினைக்க வேண்டும்.) நெசவு வேலை செய்தார். பிறகு டாக்டர் வரதராஜுலு நாயுடுவின் 'தமிழ்நாடு' இதழின் அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் தொழிலாளியானார். பிறர் எழுதியதை எழுத்தெழுத்தாய் அடுக்கிய அந்தக் கைகளே பின்னாளில் நூல்கள் பல எழுதின. கள் இறக்கிப் பிழைக்கும் சமூகத்தில் பிறந்தவர் மதுவிலக்கை ஆதரித்தார். சொந்த மக்களின் கோபத்தையும் தாங்கிக்கொண்டார்.

அந்நிய ஆட்சியை எதிர்த்துப் பலமுறை சிறை சென்றார். 1942-இல் அமராவதிச் சிறையில் வெயிலும் உணவும் ஒத்துக்கொள்ளாமல் வயிற்றுப்புண் வந்தது; அது வாழ்நாள் முழுதும் அவரை விடவில்லை. ஆனால் சிறைதான் அவருக்குப் பள்ளியுமாயிற்று. பழந்தமிழ் நூல்களை அங்கே ஊன்றிப் படித்தார். சிலப்பதிகாரம் அவர் உள்ளத்தைக் கொள்ளை கொண்டது. சோழர் புகாரில் தொடங்கி, பாண்டியர் மதுரையில் நடந்து, சேரர் வஞ்சியில் முடியும் கதையல்லவா அது! மூன்று நாட்டையும் ஒரு பெண்ணின் துயரம் இணைக்கிறது. சாதியும் சமயமும் பிரித்த தமிழரை ஒன்றாக்கும் நூல் இதுவே என்று அவர் கண்டார். ஊர் ஊராகச் சென்று சிலம்பைப் பேசினார். 1946-இல் தமிழரசுக் கழகத்தைத் தொடங்கினார்.

1953-இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது திருத்தணி சித்தூர் மாவட்டத்தோடு அங்கே போயிற்று. வேங்கடமே தமிழின் வட எல்லை என்று பழைய நூல்களை முன்வைத்து அவர் போராடிச் சிறை சென்றார். இங்கே மங்கலங்கிழாரும் கே.விநாயகமும் அவருக்குத் துணை நின்றனர். ஆனால் எல்லையை வகுத்த படாஸ்கர் இலக்கியத்தைக் கேட்கவில்லை. கிராமத்தை அளவாக வைத்து, எம்மொழியினர் மிகுதி என்றே பார்த்தார். அதனால் திருத்தணி கிடைத்தது; திருப்பதியும் சித்தூரும் கிடைக்கவில்லை. இருமொழியும் கலந்து வாழும் நம் ஊர்ப்பக்கத்தில், கோடு எங்கே விழுந்தாலும் ஒரு வீட்டாருக்கு வருத்தம் இருந்தே தீரும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அவர் எழுதிய வ.உ.சி. வரலாறு 1961-இல் 'கப்பலோட்டிய தமிழன்' திரைப்படத்துக்கு அடிப்படையாயிற்று. வள்ளலாரைப் பற்றிய நூலுக்கு 1966-இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. மூன்றாம் வகுப்போடு நின்றவர், 1986-இல் மேலவை கலைக்கப்படும்வரை அதன் தலைவராக அமர்ந்திருந்தார். 1995 அக்டோபர் 3-ஆம் நாள் மறைந்தார். திருப்பதி கைவிட்டுப்போன ஏக்கம் அவருக்குக் கடைசிவரை இருந்தது.