தசையின் ரகசியம் கண்ட சுப்பாராவ்

பெரம்பூர் ரெயில்பெட்டித் தொழிற்சாலையில் இரும்போடு உழைக்கும் ஒரு தொழிலாளி. அவர் உடம்பில் எத்தனை கிலோ தசை இருக்கிறது?

தராசில் ஏற்றினால் தெரியாது. தராசு எலும்பையும் கொழுப்பையும் சேர்த்தே காட்டும். ஆனால், ஒரு நாள் முழுவதும் அவர் கழிக்கும் சிறுநீரைச் சேர்த்துக் கொடுத்தால் ஓரளவு சொல்லிவிடலாம்!

தசைக்குள் நடப்பதை உலகுக்குக் காட்டியவர்களில் ஒருவர் சென்னையில் படித்தவர். அவர்தான் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

1895-ம் ஆண்டு ஆந்திராவில் உள்ள பீமவரத்தில் பிறந்தார். ஏழைக் குடும்பம். மெட்ரிகுலேஷன் பரீட்சையில் இரண்டு தடவை தோற்றார். மூன்றாம் தடவை, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்துத் தேறினார்.

கதர் அங்கி

பிறகு சென்னை மருத்துவக் கல்லூரி. காந்தியடிகளின் அழைப்பை ஏற்று, அறுவைக் கூடத்திலும் கதர் அங்கியே அணிந்தார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். பட்டம் கைநழுவியது. அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். தான் கிடைத்தது. ஆயுர்வேதக் கல்லூரி ஒன்றில் ஆசிரியரானார்.

அதன் பிறகு அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். பாஸ்டன் நகரில் ஹார்வர்டு பல்கலைக் கழகத்தில் சேர்ந்தார். பகலில் படிப்பு. வயிற்றுப் பாட்டுக்கு இரவில் ஆஸ்பத்திரி வேலை. என்ன வேலை? நோயாளிகளின் மலசலப் பாத்திரங்களைக் கழுவுவது! டாக்டர் படிப்பு படித்தவர், அதைச் செய்தார்.

தசையில் என்ன?

பிஸ்கே என்ற ஆராய்ச்சியாளரோடு சேர்ந்து, ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு என்பதை நிறத்தை வைத்தே அளக்கும் முறையை 1925-ல் வெளியிட்டார். அந்த முறையைத் தசையில் பயன்படுத்தியபோது புதையல் கிடைத்தது.

தசையில் கிரியேட்டின் என்ற பொருள் ஏராளமாக உண்டு. அங்கே அதற்கு என்ன வேலை என்பதுதான் புதிராக இருந்தது. அது பாஸ்பரசோடு சேர்ந்து பாஸ்போகிரியேட்டினாக இருக்கிறது என்று 1927-ல் இருவரும் கண்டார்கள். அவசரச் செலவுக்கு முந்தானையில் முடிந்து வைத்த காசு போல, தசையின் திடீர் உழைப்புக்கு உதவும் சேமிப்பு அது. தசையைப் பற்றிய பழைய கொள்கை ஆட்டம் கண்டது.

இந்தக் கிரியேட்டினில் நூற்றுக்குச் சுமார் 2 பங்கு தினமும் கிரியேட்டினின் என்ற கழிவாக மாறி, சிறுநீரில் வெளியேறுகிறது. தசை அதிகமானால் கழிவும் அதிகம். ஒரு நாளில் 1 கிராம் வெளியேறினால் உடம்பில் ஏறத்தாழ 18 முதல் 20 கிலோ தசை உண்டு என்று கணக்கிடுவார்கள். முதல் நாள் ஆட்டுக்கறி விருந்து சாப்பிட்டவருக்குக் கணக்கு கூடிவிடும். சிறுநீரகம் கெட்டிருந்தாலும், ஒரு வேளைச் சிறுநீரைச் சேர்க்க மறந்தாலும் கணக்கு தப்பும்.

1940-ல் லெடர்லே மருந்துக் கம்பெனிக்குப் போனார் சுப்பாராவ். யானைக்கால் நோய்க்கு இன்றும் தரப்படும் மருந்து, அங்கே அவர் தலைமையில் நடந்த ஆராய்ச்சியில் பிறந்ததுதான்.

1948 ஆகஸ்டில், 53-வது வயதில், அமெரிக்காவிலேயே காலமானார். கப்பல் ஏறும்போது ஊரில் விட்டுப் போன மனைவி, அவரை மறுபடி பார்க்கவே இல்லை.