மருந்தோடு பேனாவையும் எடுத்த டாக்டர் அம்மா



நம்ம குழுவுல யாராவது கர்ப்பமானா, நர்ஸம்மாகிட்ட பதிஞ்சு பிக்மி நம்பர் வாங்கி, 18,000 ரூபாய் மகப்பேறு உதவிக்கு எழுதிக் கொடுக்கிறோம். அந்தத் திட்டத்தின் பெயரில் இருக்கும் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி யாருன்னு நம்மில் பலருக்குத் தெரியாது. அவங்களைப் பத்தி நம்ம மலர்ல எழுதணும்னு எனக்கு ஆசை.

1886 ஜூலை 30 அன்று புதுக்கோட்டையில் பிறந்தார். அப்பா நாராயணசாமி, கல்லூரி முதல்வர். அம்மா சந்திரம்மாள் தேவதாசி குலத்தில் பிறந்தவர். அதனாலே ஊர்ப்பேச்சுக்குக் குறைவில்லை. ஆண்கள் மட்டும் படிச்ச மன்னர் கல்லூரியில் ஒரு பெண்ணைச் சேர்க்கக் கூடாதுன்னு எதிர்ப்பு வந்தது. மகாராஜா அனுமதி கொடுத்ததால் படிச்சார். 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பட்டம் வாங்கினார். 1925-ல் இங்கிலாந்து போய், பெண்கள், குழந்தைகள் நோய்களைப் பத்தி மேல்படிப்பும் படிச்சார்.

அவர் நினைச்சிருந்தா, கிளினிக் வெச்சு நல்லா சம்பாதிச்சிருக்கலாம். ஆனா, பத்துப் பன்னிரண்டு வயசுல கல்யாணம் கட்டிக் கொடுத்த பெண், உடம்பு முற்றுவதற்குள் பிள்ளை பெற்றால், தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. அதை மருந்து கொடுத்து மட்டும் தடுக்க முடியாது. வீட்டிலும் சட்டத்திலும் மாறணும். அதனால் அவர் பேச்சையும் எழுத்தையும் கையில் எடுத்தார்.

சென்னை சட்டமன்ற மேலவைக்குப் போன முதல் பெண் அவர்தான். துணைத் தலைவராகவும் இருந்தார். டாக்டராகத் தான் பார்த்ததை வெச்சு, பெண்ணின் கல்யாண வயதை உயர்த்தணும்னு அங்கே வாதாடினார். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி ஆஸ்பத்திரி வேணும், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு முறையா மருத்துவப் பரிசோதனை வேணும்னு கேட்டார். 1930-ல் காந்தியடிகள் கைதானபோது அந்தப் பதவியையே ராஜினாமா செய்தார்.

பதவி போனாலும் குரல் நிற்கவில்லை. இந்திய மாதர் சங்கம் நடத்திய ஸ்திரீ தர்மம் பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்து, பெண்கள், பிள்ளைகள் நலனைப் பத்தி எழுதினார். டிவி, போன் இல்லாத காலத்தில் பத்திரிகைதான் பல ஊருக்கும் சேதி கொண்டுபோகும். அதே 1930-ல் ஆதரவில்லாத பெண் பிள்ளைகளுக்காக அவ்வை இல்லம் தொடங்கினார். தங்கை புற்றுநோயில் இறந்த துயரம் மனசுல இருந்துகொண்டே இருந்தது. 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை வந்தது. 1968-ல் காலமானார்.

நம்ம பனியன் ஊருக்கு இந்த வாழ்க்கை ரொம்பப் பொருந்தும்னு நினைக்கிறேன். டெய்லர், கைமடி, செக்கிங்னு எந்த வேலைக்குப் போனாலும் ஷிப்ட் முடிஞ்சு வர ராத்திரி ஆகுது. எந்தப் பிள்ளை எடை குறையுது, எந்தப் பிள்ளைக்கு ஊசி தவறிப்போச்சு, எந்த வீட்டில் பதினாறு வயசுப் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறாங்கன்னு எல்லாருக்கும் முன்னாடி நமக்குத்தான் தெரியும். தெரிஞ்சும் வாசல்ல நின்னு பேசிக் கலைஞ்சா பிள்ளைக்குப் பலன் இல்லை. குழுக் கூட்டத்துல சொல்லி, தீர்மான நோட்டுல எழுதி, கையெழுத்துப் போட்டு, கிராம சபையில கொடுப்போம். பெண் கல்யாணம்னா 1098-க்குப் போன் போடுவோம்.

அந்த அம்மாவுக்குப் பத்திரிகை இருந்தது. நமக்குத் தீர்மான நோட்டு இருக்குதுங்க.