கல்கியின் வாழ்வும் வரலாற்றுப் புனைவின் வாசிப்பின்பமும்

முன்னுரை

தமிழில் வரலாற்று நாவல் 1895ஆம் ஆண்டில் தி. த. சரவணமுத்துப் பிள்ளையின் மோகனாங்கியுடன் தொடங்கியது. ஆயினும் அவ்வகைமையை இல்லந்தோறும் இன்பத்திற்காகப் படிக்கும் வழக்கமாக மாற்றியவர் கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி ஆவார். அவருடைய நாவல்களைப் பொழுதுபோக்கு எழுத்து என ஒதுக்குவோரும், அவற்றையே சோழ, பல்லவ வரலாறாகக் கொள்வோரும் உளர். இவ்விரு நிலைகளும் அவர் வாழ்வையும் எழுத்தையும் பிரித்து நோக்குவதால் விளைந்தவை. அவர் படைப்புகளில் வாசிப்பின்பம் துறவுணர்வு என்னும் விழுமியத்தை ஏந்திச் செல்லும் ஊர்தியாக அமைந்துள்ளது என்பதனை, அவருடைய வாழ்க்கை நிகழ்ச்சிகளின் வழி நிறுவ இக்கட்டுரை முயல்கிறது.

இளமையும் முதல் துறப்பும்

கல்கி 1899 செப்டம்பர் 9ஆம் நாள் மயிலாடுதுறையை அடுத்த புத்தமங்கலத்தில் பிறந்தார். காவிரி வளநாட்டின் ஆறு, வாய்க்கால், கோயில் சூழ்ந்த சிற்றூர் வாழ்வு அவர் நினைவில் ஆழப் பதிந்தது. திருச்சியில் பள்ளிக் கல்வி பயின்ற அவர், காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்க அழைப்பை ஏற்று, இறுதித் தேர்வு நெருங்கிய 1921ஆம் ஆண்டில் படிப்பைக் கைவிட்டார். மறு ஆண்டு சிறை சென்றார். உறுதியான வருவாய்க்கு வழிகாட்டும் கல்விச் சான்றினை ஒரு கொள்கைக்காக விடுத்த இச்செயலே அவர் வாழ்வின் முதல் துறப்பு எனலாம்.

இதழ்ப்பணி

1923ஆம் ஆண்டில் திரு.வி.க.வின் நவசக்தியில் துணையாசிரியராகச் சேர்ந்த கல்கி, அங்கே தெளிந்த உரைநடையில் பயிற்சி பெற்றார். பின்னர் இராஜாஜியின் திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்திலிருந்து வெளிவந்த விமோசனம் என்னும் மதுவிலக்கு இதழில் பணியாற்றினார். எழுத்தறிவு குறைந்த உழவர்க்கும் கைத்தொழிலாளர்க்கும் ஓர் அறக்கருத்தைக் கதையாகச் சொல்ல வேண்டிய தேவை அங்கு இருந்தது.

1931 முதல் எஸ். எஸ். வாசனின் ஆனந்த விகடனில் ஆசிரியப் பொறுப்பேற்ற காலத்தில் நகைச்சுவைக் கட்டுரை, இசை விமரிசனம், தொடர்கதை ஆகியவற்றால் பெரும் வாசகர் கூட்டத்தை ஈர்த்தார். கள்வனின் காதலியும் தியாக பூமியும் அக்காலத்தன. தியாக பூமி, கே. சுப்பிரமணியத்தின் திரைப்பட ஒளிப்படங்களுடன் தொடராக வெளிவந்தமை குறிப்பிடத்தக்கது. வார இதழின் வாசகர் ஏழு நாள் காத்திருந்து அடுத்த பகுதியைத் தேடிப் படிக்க வேண்டுமெனில், ஒவ்வோர் இயலும் ஒரு வினாவை எழுப்பி நிற்றல் வேண்டும். இக்கட்டாயமே பின்னாளில் அவருடைய வரலாற்று நாவல்களின் கட்டமைப்பாயிற்று.

1941ஆம் ஆண்டில் விடுதலைப் போராட்டத்தில் ஈடுபடும் பொருட்டு ஆனந்த விகடனை விட்டு விலகிச் சிறை சென்றார். அவ்வாண்டு ஆகஸ்டில் டி. சதாசிவத்துடன் இணைந்து கல்கி இதழைத் தொடங்கினார். சாவித்திரி திரைப்படத்தில் நாரதராக நடித்து எம். எஸ். சுப்புலட்சுமி ஈட்டிய ஊதியம் அவ்விதழுக்கு முதலாயிற்று.

துறவைப் போற்றும் புனைவு

புதிய இதழில் 1941 முதல் வெளிவந்த பார்த்திபன் கனவு, அடிமைப்பட்ட சோழநாட்டின் விடுதலை வேட்கையைக் கருவாகக் கொண்டது. நாடு விடுதலைக்குப் போராடிய வேளையில் வாசகர் அதனைத் தம் காலத்துக் கதையாகவும் படித்தனர். 1944இல் தொடங்கிய சிவகாமியின் சபதம், வாதாபி வெற்றியைப் பாடுவதோடு அமையாமல், அவ்வெற்றிக்குப் பின்னும் காதல் நிறைவேறாத ஆடலரசியின் இழப்பில் முடிகிறது.

1950 அக்டோபர் முதல் ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள் வெளிவந்த பொன்னியின் செல்வனில் இவ்விழுமியம் உச்சம் பெறுகிறது. ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் வரும் வந்தியத்தேவன் சோழநாட்டிற்குப் புதியவன். அவன் கேட்டறியும் செய்திகளின் வழியே வாசகரும் அரசுரிமைச் சிக்கலை அறிகின்றனர். வரலாறு பாடமாகத் திணிக்கப்படாமல் அவனது ஆவலுக்கு விடையாக வருவதே இந்நாவல் தரும் இன்பத்தின் அடிப்படை.

வந்தியத்தேவன் குந்தவையின் கணவர் என்பதற்குத் தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுச் சான்றாகும். ஆதித்த கரிகாலனைக் கொன்றோராக ரவிதாசன் முதலியோரை உடையார்குடிக் கல்வெட்டுச் சுட்டுகிறது; கொலைக்கான காரணத்தை அது கூறவில்லை. அவ்விடைவெளியில் கல்கி பாண்டியச் சதியையும் நந்தினி என்னும் கற்பனை மாந்தரையும் அமைத்தார். உத்தம சோழன் விரும்பும் வரையில் அருள்மொழி அரியணையை விரும்பவில்லை என்னும் திருவாலங்காட்டுச் செப்பேட்டுச் செய்தியே நாவலின் முடிவிற்கு வித்து. எனினும் அவ்விடத்தும் கல்கி செப்பேட்டை அப்படியே பின்பற்றவில்லை. சேந்தன் அமுதனை மெய்யான மதுராந்தகனாக்கி, அவனுக்கே மணிமுடி சூட்டப்படுமாறு கதையை மாற்றினார். அரசியல் உடன்பாடாகவும் விளக்கத்தக்க ஒரு நிகழ்ச்சியை மனமுவந்த ஈகையாகக் காட்டி, இறுதிப் பாகத்திற்குத் தியாகச் சிகரம் எனப் பெயரிட்டார். படிப்பையும் பதவியையும் துறந்தவரின் வாழ்வை நோக்க, இத்தேர்வு தற்செயலானது எனக் கொள்ளல் அரிது.

கற்பனையை வரலாறெனக் கொள்ளும் இடர்ப்பாடும் இங்கு உண்டு. நாவலின் ஈற்றில் முடிவுரை எழுதி வாசகரின் ஐயங்களுக்கு விடை தந்தார் கல்கி. ஆயினும் நந்தினியைச் சோழர் குடிவழியில் தேடும் வாசகர் இன்றும் உளர். இன்பம் தரும் புனைவின் ஆற்றலும் அதனை ஆராய்வோரின் கடமையும் இதனால் புலனாகின்றன.

முடிவுரை

கல்கி 1954 டிசம்பர் 5ஆம் நாள் மறைந்தார். முற்றுப்பெறாத அமர தாராவை அவர் மகள் ஆனந்தி நிறைவு செய்தார். 1956ஆம் ஆண்டில் சாகித்திய அகாதெமி விருது பெற்றது விடுதலைக் காலச் சமூக நாவலான அலை ஓசை. வாசகர் தலைமுறை தலைமுறையாக விரும்பிப் படிப்பனவோ அவருடைய வரலாற்று நாவல்களே. ஆய்வுலகின் மதிப்பீடும் வாசகரின் விருப்பமும் வேறுபடும் இவ்விடத்தில், இன்பத்தைக் குறையாகக் கருதாது அதன் பயனை ஆராய்தல் தகும். கல்கியின் நாவல்கள் வரலாற்றுச் சான்றுகள் ஆகா; எனினும், கல்வெட்டில் ஒரு வரியாக நின்ற மாந்தரை அறிந்துகொள்ளும் விருப்பத்தைப் பல்லாயிரவர் உள்ளத்தில் விதைத்தவை அவையே.