மொரிஸ் ரிஷார்: ஒரு மக்களின் மனத்தாங்கலைச் சுமந்த விளையாட்டு வீரர்

1955 மார்ச் 18 ஆம் திகதி கனடாவின் மொன்றியல் நகரில், மேசையொன்றின் முன்னால் அமர்ந்த ஓர் ஐஸ் ஹொக்கி வீரர், வானொலி, தொலைக்காட்சி ஒலிவாங்கிகளை நோக்கிப் பேசினார். முதலில் பிரெஞ்சிலும் பின்னர் ஆங்கிலத்திலும் அமைந்த அவ்வுரை மிகச் சிறியது. அதற்கு முந்திய இரவு அந்நகரின் பிரதான வீதியான சென்ற் கத்தரின் வீதியில் கடைகளின் கண்ணாடிகள் நொருக்கப்பட்டிருந்தன. பொருட்கள் சூறையாடப்பட்டிருந்தன. கலகம் அவரது பெயரால் நிகழ்ந்தது. அதை நிறுத்தும்படி கேட்பதற்கே அவர் அங்கு அமர்ந்திருந்தார். அவர் மொரிஸ் ரிஷார்.

பனியையே கண்டிராத நமது வாசகர்களுக்கு ஐஸ் ஹொக்கி அந்நியமான விளையாட்டாகத் தோன்றலாம். எனினும் நம்மவர் பலரது உறவினர்கள் இன்று வாழும் மொன்றியலிலும் ரொறன்ரோவிலும், கிரிக்கெட்டுக்கு நாம் அளிக்கும் இடம் அதற்கே அளிக்கப்படுகிறது. உறைந்த தரையில் சறுக்குக் காலணியுடன் அணிக்கு ஆறு பேர் விரைந்து, கடினமான இறப்பர் வில்லையொன்றை வளைந்த தடியால் எதிரணியின் வலைக்குள் செலுத்த வேண்டும். மோதல் அவ்விளையாட்டின் ஒரு பகுதி. இரத்தம் சிந்துவதும் அபூர்வமன்று.

ரிஷார் 1921 ஆகஸ்ட் 4 ஆம் திகதி மொன்றியலில் பிறந்தார். எட்டுப் பிள்ளைகளில் மூத்தவர். தச்சுத்தொழிலாளியான தந்தை புகையிரதக் கம்பனியொன்றில் பணிபுரிந்தார். 1930 இல், உலகப் பொருளாதார மந்தத்தின்போது அவ்வேலை பறிபோயிற்று. ஆறு ஆண்டுகள் வரை அது திரும்பக் கிடைக்கவில்லை. அக்காலத்தில் குளிரில் உறைந்த ஆற்றின் மீது சறுக்கியும் ஓடியும் வளர்ந்த மகன், பதினாறு வயதில் பாடசாலையை விட்டு விலகித் தந்தையுடன் தொழிற்சாலைக்குச் சென்றார்.

அன்றைய மொன்றியலின் நிலையை இங்கு சற்று விளக்க வேண்டியுள்ளது. கியூபெக் மாகாண மக்களில் ஏறத்தாழ ஐந்தில் நால்வர் பிரெஞ்சு மொழி பேசுவோர். ஆயினும் வங்கிகளும் பெரிய வர்த்தக நிறுவனங்களும் ஆங்கிலம் பேசுவோர் கையிலேயே இருந்தன. தொழிற்சாலையில் வேலை செய்பவன் பிரெஞ்சுக்காரன், அவனுக்குக் கட்டளையிடும் மேற்பார்வையாளன் ஆங்கிலேயன் என்பதே வழமை. பெரும்பான்மையாக வாழும் சொந்த மண்ணிலேயே வேலைக்காகவும் பதவி உயர்வுக்காகவும் பிறர் மொழியை நாடி நிற்கவேண்டிய அந்நிலையை நமது வாசகர்களுக்கு நாம் விரித்துரைக்கத் தேவையில்லை.

1942 இல் மொன்றியல் கனேடியன்ஸ் கழகத்தில் ரிஷார் சேர்ந்தபோது அவருக்கு ஆங்கிலம் சரிவரத் தெரியாது. அதற்கு முன்னரே கணுக்காலும் மணிக்கட்டும் முறிந்திருந்தன. முதற் பருவத்தில் 16 ஆட்டங்கள் ஆடியதும் காலும் முறிந்தது. எளிதில் உடைந்துபோகும் உடம்பு என்று பலரும் அவரைக் கைவிடத் தயாராயினர். போர்க்காலமாதலால் அவர் இராணுவத்தில் சேரவும் முயன்றார். எலும்பு முறிவுகளைக் காட்டி இராணுவம் அவரை நிராகரித்தது. இயந்திரத் தொழிலாளியாகவாவது சேர்த்துக்கொள்ளும்படி கேட்டபோது தகுதிச் சான்றிதழ் இல்லையென்று மறுத்தது. அதனைப் பெறவெனத் தொழில்நுட்பப் பாடசாலையில் சேர்ந்தார். சான்றிதழ் கைக்கு வரும்போது போர் முடிந்துவிட்டது. கட்டாய ஆட்சேர்ப்புத் தொடர்பாக 1942 இல் நடைபெற்ற வாக்கெடுப்பில் கியூபெக் மக்கள் பெருமளவில் எதிர்த்து வாக்களித்ததால், பிரெஞ்சுக் கனேடியர் அனைவரும் போருக்கு அஞ்சியவர்கள் என்ற பழி அப்போது பரவலாகச் சுமத்தப்பட்டது. ஆகவே இச்செய்தி நினைவிற் கொள்ளத்தக்கது.

பயிற்றுநர் டிக் ஏர்வின், இடதுகைப் பழக்கமுடைய ரிஷாரை வலதுபுறத்தில் நிறுத்தினார். வழமைக்கு மாறான இந்த ஏற்பாடே அவரை உருவாக்கிற்று. நீலக்கோட்டைக் கடந்து வலையை நோக்கி அவர் பாயும் வேகத்தைக் கண்ட சக வீரர்கள் அவரை 'ரொக்கெட்' என்று அழைக்கலாயினர். 1943 இல் பிறந்த மூத்த மகளின் எடை ஒன்பது இறாத்தல் என்பதால் தமது சட்டை இலக்கத்தை ஒன்பதாக மாற்றிக்கொண்டார். பின்னாளில் கியூபெக் சிறுவர்கள் அனைவரும் அணிய விரும்பிய இலக்கம் அதுவே.

1944 டிசம்பர் 28 ஆம் திகதி அவர் பகல் முழுவதும் வீடு மாறுவதற்காகத் தளபாடங்களைச் சுமந்துவிட்டுக் களைப்புடன் அரங்குக்கு வந்தார். அன்றிரவு டெட்ரொய்ட் அணிக்கெதிராக 5 கோல்களைப் போட்டு மேலும் 3 கோல்களுக்கு உதவினார். அப்பருவத்தில் 50 ஆட்டங்களில் 50 கோல்கள். அதற்கு முன் ஒரு பருவத்தின் உச்சம் 1918 இல் ஜோ மலோன் பெற்ற 44 ஆகும். சிறந்த வீரர்கள் போருக்குச் சென்றிருந்தமையால் கிடைத்த சாதனையென ஆங்கிலப் பத்திரிகைகளில் சிலர் குறைகூறினர். அவர்கள் திரும்பிவந்த பின்னர், 1946-47 பருவத்தில் 45 கோல்களுடன் லீக்கின் மிகப் பெறுமதியான வீரராக அவரே தெரிவானார். 1952 நவம்பரில் தமது 325 ஆவது கோலுடன் லீக் வரலாற்றில் அதிக கோல்கள் பெற்றவரானார்.

இத்தகைய ஒருவரை எதிரணிகள் சும்மா விடுமா? தடியால் அடித்தும், பிடித்திழுத்தும், மொழியைக் கூறி ஏசியும் அவரைச் சினமூட்டுவது ஓர் உத்தியாகவே கையாளப்பட்டது. அவரோ எளிதில் சினங்கொள்பவர். லீக் வரலாற்றில் அவரளவு தண்டப்பணம் செலுத்தியோர் அன்று எவருமிலர். 1954 ஜனவரியில், சக வீரர் ஜெஃப்ரியோனுக்கு விதிக்கப்பட்ட தடையைக் கண்டித்துப் பிரெஞ்சு வார இதழொன்றில் தாம் எழுதிவந்த பத்தியில், லீக் தலைவர் கிளரன்ஸ் கெம்பலை ஒரு சர்வாதிகாரியாகச் சித்திரித்தார். விளைவாக மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. 1000 டொலர் பிணைப்பணம் கட்டினார். பத்தியும் நின்றது. மட்டையடியைப் பொறுத்த லீக், எழுத்தைப் பொறுக்கவில்லை என்பதை ஒரு பத்திரிகை என்ற வகையில் நாம் கவனிக்காமல் விட முடியாது.

1955 மார்ச் 13 ஆம் திகதி பொஸ்டனில் நடந்த ஆட்டத்தில் எதிரணியின் ஹல் லேக்கோவின் தடி ரிஷாரின் தலையைக் கிழித்தது. ஐந்து தையல்கள் தேவைப்பட்டன. ரிஷார் பதிலுக்குத் தமது தடியால் லேக்கோவைப் பலமுறை தாக்கினார். தம்மைப் பிடித்து நிறுத்த முயன்ற எல்லை நடுவரை முகத்தில் இருமுறை குத்தினார். மூன்று மாதங்களுக்குள் அதிகாரியொருவர் மீது கைவைத்தது இது இரண்டாவது தடவை. மார்ச் 16 ஆம் திகதி விசாரணை நடத்திய கெம்பல், பருவத்தில் எஞ்சிய மூன்று ஆட்டங்களுக்கும் கிண்ணத்துக்கான இறுதிச் சுற்று முழுவதற்கும் அவருக்குத் தடைவிதித்தார்.

தண்டனை நியாயமானதா? நடுவரைத் தாக்குபவருக்குக் கடுந்தண்டனை வேண்டும் என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆயினும் ஆறு கழகங்களின் உரிமையாளர்கள் ஆங்கிலம் பேசுவோர், நீதிவழங்கியவர் ஆங்கிலம் பேசுபவர், தண்டிக்கப்பட்டவரோ தொழிற்சாலைத் தொழிலாளிகளின் கண்ணுக்குத் தம்முள் ஒருவர். தவறு எவ்வளவு என்று எண்ணிப்பார்க்கும் நிலையில் அவர்கள் இருக்கவில்லை. கட்டளையிடும் மேற்பார்வையாளனையே கெம்பலில் கண்டனர்.

கெம்பல் அறிந்தோ அறியாமலோ அதனை மேலும் கூர்மையாக்கினார். மறுநாள் 17 ஆம் திகதி மொன்றியல் போரம் அரங்கில் டெட்ரொய்ட்டுடனான ஆட்டத்துக்குச் செல்ல வேண்டாமென அவருக்கு ஆலோசனை கூறப்பட்டிருந்தும், முதலாவது பகுதியின் இடையில் வந்து தமது வழக்கமான ஆசனத்தில் அமர்ந்தார். அவர் மீது முட்டைகளும் தக்காளிகளும் வீசப்பட்டன. ஒருவர் கைகுலுக்குவது போல் நெருங்கி வந்து அறைந்தார். பின்னர் கண்ணீர்ப்புகைக் குண்டொன்று வெடித்தது. தீயணைப்புப் பிரிவின் தலைவர் அரங்கைக் காலிசெய்யுமாறு உத்தரவிட, 4-1 என முன்னணியிலிருந்த டெட்ரொய்ட்டுக்கு வெற்றி வழங்கப்பட்டது. வெளியே வந்த கூட்டம் ஏற்கெனவே வீதியில் திரண்டிருந்தோருடன் கலந்தது. 12 பொலிஸார் உட்பட 37 பேர் காயமடைந்தனர். சேதம் ஓர் இலட்சம் டொலர் என மதிப்பிடப்பட்டது. உயிரிழப்பு எதுவும் ஏற்படாதது பெரும் பேறு.

கூட்டத்தில் பார்வையாளராக இருந்த ரிஷார் அனைத்தையும் கண்டார். மறுநாள் உரையில் அவர் தமக்கு அநீதி இழைக்கப்பட்டதாகக் கூறவில்லை. தண்டனையை ஏற்பதாகவும், மேலும் தீங்கு விளைவிக்க வேண்டாமெனவும், அடுத்த ஆண்டு திரும்பிவந்து கிண்ணத்தை வெல்ல உதவுவதாகவும் தெரிவித்தார். வீதிகள் அடங்கின. அதிகாரத்தில் உள்ளோரிடமிருந்து வந்திருந்தால் எடுபட்டிராத வேண்டுகோள் அது. தம் சினத்தை அடக்கத் தெரியாதவர் என்று பெயரெடுத்த மனிதர், ஒரு நகரின் சினத்தை அடக்கினார்.

சில நாட்களின் பின் லெ டெவ்வார் நாளிதழில் ஆந்த்ரே லோராந்தோ எழுதிய கட்டுரை, கலகத்தில் வெளிப்பட்டது விளையாட்டு ரசிகர்களின் ஆத்திரம் மட்டுமன்று, ஓர் இனத்தின் புண்பட்ட உணர்வு என எடுத்துக்காட்டியது. அதே லோராந்தோ 1963 இல் இருமொழி, இருபண்பாடு பற்றிய அரச ஆணைக்குழுவின் இணைத்தலைவரானார். அதன் பணியைத் தொடர்ந்து 1969 இல் கனடாவில் பிரெஞ்சும் ஆங்கிலமும் மத்திய அரசின் சமமான உத்தியோகபூர்வ மொழிகளாயின. கியூபெக்கின் விழிப்பு அந்த மார்ச் இரவிலேயே தொடங்கியது என்போர் உளர். ஒரு கலகத்துக்கு இவ்வளவு பெருமை அளிப்பது மிகை என்றே எமக்குப் படுகிறது. கல்வி, தொழிற்சங்கம், அரசியல் எனப் பல ஆறுகள் சேர்ந்தே 1960 களின் மாற்றம் பெருகியது. மேலும் ரிஷார் எந்த இயக்கத்தையும் சேர்ந்தவரல்லர். 1950 களின் தேர்தல்களில் பழைமைவாத முதலமைச்சர் டுப்பிளஸிக்கு ஆதரவாக மேடையேறியவர். தாம் வெறும் ஹொக்கி ஆட்டக்காரர் என்பதே அவரது நிலைப்பாடு.

தடையின் விலையையும் கூறவேண்டும். அப்பருவத்தின் புள்ளிப் பட்டியலில் முதலிடத்தில் நின்ற ரிஷாரை, ஜெஃப்ரியோன் 75 இற்கு 74 என ஒரே புள்ளியால் முந்தினார். எந்த வீரருக்காக ரிஷார் பத்தியை இழந்தாரோ அவரே! தானும் பிரெஞ்சுக்காரரான ஜெஃப்ரியோனைச் சொந்த அரங்கின் ரசிகர்களே கூக்குரலிட்டு இகழ்ந்தனர். அக்கூட்டத்தின் நீதியுணர்வும் அவ்வளவுதான். வாழ்நாளில் ஒருமுறையேனும் அப்பட்டம் ரிஷாருக்குக் கிட்டவில்லை.

வாக்குறுதியோ நிறைவேறியது. 1956 முதல் 1960 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ச்சியாக ஸ்டான்லி கிண்ணம் மொன்றியலுக்கே. 1957 அக்டோபரில் 500 கோல்களை எட்டிய முதல் வீரரானார். 544 கோல்களுடன் 1960 செப்டெம்பரில் ஓய்வுபெற்றார். கழகம் அளித்த பதவி வெறும் அலங்காரமென உணர்ந்து சில ஆண்டுகளில் அதிலிருந்து விலகினார். எண்ணெய் விற்றார். வீட்டிலிருந்தே தூண்டில் நூல் வியாபாரம் செய்தார். கழகத்துடனான பிணக்கு நீண்ட காலம் நீடித்தது.

1996 மார்ச் 11 ஆம் திகதி போரம் அரங்கின் இறுதி ஆட்டத்தின்போது முன்னாள் வீரர்கள் அழைக்கப்பட்டனர். ரிஷாரின் பெயர் கூறப்பட்டதும் எழுந்து நின்ற மக்கள் பல நிமிடங்கள் அமரவே இல்லை. அவர் கைகளை உயர்த்தி நிறுத்துமாறு சைகை காட்டினார். இம்முறை அவர்கள் கேட்கவில்லை, அவர் அழுதார்.

2000 மே 27 ஆம் திகதி புற்றுநோயால் அவர் காலமானார். ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் அவரது உடலுக்கு அஞ்சலி செலுத்தினர். கியூபெக் அரசு அவருக்கு அரச மரியாதையுடன் இறுதிச்சடங்கு நடத்தியது. நொத்ர டாம் தேவாலயத்திலிருந்து எடுத்துச் செல்லப்பட்ட பேழை, மொன்றியல் மலைச்சரிவிலுள்ள மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டது.